கண்ணாடியிழைப் பாய்மரப் படகுக்கு அச்சு எடுப்பது எப்படி? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: கண்ணாடியிழைப் பாய்மரப் படகுகளை அச்சில் எடுக்கிறார்கள் என்று படித்திருக்கிறேன். அந்த அச்சு எதிலிருந்து எடுக்கப்படுகிறது?

பதில்: அச்சுக்கு முன்னால் இன்னொரு பொருள் இருக்கிறது. படகின் வெளிவடிவத்தை முழு அளவில் அப்படியே காட்டும் ஓர் உருவத்தை மரத்திலோ நுரைப்பலகையிலோ முதலில் செய்கிறார்கள். பட்டறைகளில் அதைப் பிளக் என்பார்கள். பிளக்கின் மேல் மெழுகு தேய்த்து, ஜெல்கோட் எனப்படும் நிறமி கலந்த கெட்டியான ரெசினை (இறுகிக் கடினமாகும் பிசினை)ப் பூசி, அதன் மேல் ரெசினில் நனைத்த கண்ணாடியிழை மேட்டுகளை (பாய் போன்ற விரிப்புகளை) அடுக்கடுக்காக ஒட்டி, எல்லாம் இறுகிய பின் கழற்றினால் உட்குழிவான அச்சு கிடைக்கும். அந்த அச்சுக்குள் இதே வேலைகளை மறுபடியும் செய்து எடுப்பதுதான் படகின் உடல். மேல்தளத்துக்குத் தனியாக ஒரு பிளக்கும் ஓர் அச்சும் தேவை. பெரிய படகு என்றால் உள்ளே வரும் தரைக்கும் இருக்கைகளுக்கும்கூட அச்சுகள் உண்டு.

மரப்படகில் கடைசியாகச் செய்யும் வண்ணப்பூச்சு இங்கே முதல் வேலையாக அச்சின் சுவரில் ஏறிவிடுகிறது. ஆகவே படகின் பளபளப்பு அச்சிலிருந்தும், அச்சின் பளபளப்பு பிளக்கிலிருந்தும் வருகின்றன. பிளக்கில் ஒரு கீறல் இருந்தால் அது அச்சில் மெல்லிய மேடாகப் பதிந்து, அந்த அச்சில் எடுக்கும் ஒவ்வொரு படகிலும் கீறலாகவே திரும்பி வரும். இந்த முன்னுழைப்பைக் கொட்டத் துணிந்த பிறகுதான் ஒரே மாதிரியான பெரிய படகுகளைத் தொடர்ந்து கட்டுவது சாத்தியமாயிற்று. பிலிப் ரோட்ஸ் வடிவமைத்து 1956-இல் கலிபோர்னியாவில் தயாரிக்கப்பட்ட சுமார் 41 அடி நீளமுள்ள பவுண்டி 2 அதற்கு ஆரம்ப உதாரணம். கார்ல் ஆல்பெர்க் வடிவமைத்து 1959-ஆம் ஆண்டின் நியூயார்க் படகுக் கண்காட்சியில் வைக்கப்பட்ட 28 அடி டிரைட்டன் 700-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் கட்டப்பட்டது.

கேள்வி: எனக்காக 6 மீட்டர் நீளத்தில் ஒரே ஒரு பாய்மரப் படகு கட்ட விரும்புகிறேன். அச்சு செய்துதான் ஆக வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு படகுக்காக அச்சு செய்பவர் உண்மையில் மூன்று பொருள்களைக் கட்டி, அவற்றுள் இரண்டைத் தூக்கி எறிகிறார். மெல்லிய மரக்கீற்றுகளை ஒட்டி உடலை உருவாக்கி, இருபுறமும் எப்பாக்சி ரெசினும் கண்ணாடியிழைத் துணியும் போர்த்தினால், பிளக்காக முடிந்திருக்கும் அந்த மரமே படகாகிவிடும். அல்லது மரச்சட்டங்களின் மேல் நுரைப்பலகைகளை வளைத்துக் கட்டி, வெளிப்புறம் கண்ணாடியிழை இட்டு, புரட்டிப்போட்டு உட்புறமும் இடலாம். வெளிப்பரப்பைத் தேய்த்துச் சமன் செய்யும் உழைப்பு இவற்றிலும் உண்டு. ஆனால் அந்த உழைப்பைப் பிளக்கிலும் நீங்கள் செய்தே ஆக வேண்டும். தட்டையான முகங்களால் ஆன எளிய வடிவம் என்றால், மெலமைன் பூசிய பலகைகளைப் பெட்டி போல் இணைத்துத் தற்காலிக அச்சாகவே பயன்படுத்துவாரும் இருக்கிறார்கள். நான்கைந்து படகுகளாவது கட்டப்போகிறீர்கள் என்றால்தான் முறையான அச்சைப் பற்றி யோசிப்பேன்.

கேள்வி: பிளக்கை எப்படிச் செய்கிறார்கள்? கணினி இயக்கும் வெட்டு இயந்திரம் இல்லாதவர் கையால் செய்ய முடியுமா?

பதில்: முடியும், பல ஆண்டுகளாக எல்லோரும் அப்படித்தான் செய்துவந்தார்கள். வரைபடத்திலுள்ள குறுக்குவெட்டுகளை முழு அளவில் வரைந்து, பிளைவுட்டில் அல்லது மர இழைகளை அழுத்திச் செய்த எம்.டி.எஃப். பலகையில் சட்டங்களாக அறுக்க வேண்டும். வரைபடம் காட்டுவது படகின் வெளிக்கோடு. சட்டத்தின் மேல் மரக்கீற்று ஏறும். ஆகவே அந்தக் கீற்றின் தடிமனை ஒவ்வொரு சட்டத்திலும் கழித்துவிட்டே அறுக்க வேண்டும். பிறகு ரசமட்டம் பார்த்து நிறுத்திய நேரான அடித்தாங்கியின் மேல் சட்டங்களைத் தலைகீழாக நிறுத்தி, நடுக்கோட்டுக்கு இழுத்துக் கட்டிய கம்பியை வைத்துச் சரிபார்த்து, அணியத்திலிருந்து (முன்முனை) அமரம் (பின்முனை) வரை கீற்றுகளை ஒட்டிக்கொண்டே போக வேண்டும். மரம் ஈரத்துக்கு ஏற்ப வீங்கிச் சுருங்கும். அதைக் கட்டுப்படுத்த ஒரு சுற்று கண்ணாடியிழைத் துணியை எப்பாக்சியால் ஒட்டிவிடுவது நல்லது.

இதுவரை செய்தது தச்சுவேலை. இனி வருவதுதான் பெரும்பாலோரின் பொறுமையைச் சோதிப்பது. நுண்குமிழ்த் தூள் கலந்த லேசான பட்டியைப் பரப்பு முழுவதும் பூசி, ஒரு மீட்டர் நீளமோ அதற்கு மேலோ உள்ள, சற்றே வளைந்துகொடுக்கும் தேய்ப்புப் பலகையில் உப்புத்தாள் ஒட்டி, ஒரு முறை ஒரு மூலைவாட்டிலும் அடுத்த முறை அதற்குக் குறுக்கான மூலைவாட்டிலும் தேய்க்க வேண்டும். சிறிய தேய்ப்புக் கட்டையோ சுழலும் இயந்திரமோ மேட்டைக் குறைக்காது. பள்ளத்துக்குள்ளும் இறங்கி அதை மெருகேற்றி வைத்துவிடும். நீண்ட பலகை மேடுகளின் மேல் மட்டுமே உராய்வதால் பள்ளங்கள் தேய்படாமல் தனித்துத் தெரியும். அவற்றில் மறுபடி பட்டி இட வேண்டும். விளக்கை அணியத்தின் பக்கம் தாழ்வாக வைத்து ஒளியைப் பரப்போடு ஒட்டிச் செலுத்திப் பார்த்தால், பகலில் கண்ணுக்குத் தெரியாத அலைகள் நிழலாக எழும். வளையும் மெல்லிய மரச்சட்டம் ஒன்றைப் பரப்பில் அழுத்திப் பிடித்து இடைவெளி பார்ப்பதும் உதவும். ஆனாலும் உள்ளங்கையை நம்புங்கள்: கண்ணை மூடிக்கொண்டு தடவும் கை, கண் தவறவிடும் அலையையும் பிடிக்கும்.

சமன் ஆன பிறகு, கெட்டியாக ஏறும் பாலியெஸ்டர் பூச்சைத் தெளித்து, தண்ணீர் விட்டு 220-ஆம் எண் தாளில் தொடங்கி 400, 600, 800, 1000 எனப் படிப்படியாக நுண்ணிய உப்புத்தாளுக்குச் சென்று, கடைசியில் மெருகுப் பசையால் பளபளப்பேற்ற வேண்டும். இடையில் ஒரு படியைத் தாண்டினால் முந்தைய தாளின் கீறல்கள் பளபளப்புக்கு அடியில் தங்கிவிடும்.

ஐந்து விதமாக அசையக்கூடிய, கணினி இயக்கும் வெட்டு இயந்திரத்தில் செய்வோர் நுரைக் கட்டியைச் சற்றுச் சிறிதாக வெட்டி, மேலே கெட்டியான பசையைப் பூசி, அதைச் சரியான அளவுக்கு மறுபடி வெட்டுகிறார்கள். இருபுறமும் ஒன்றுக்கொன்று சமச்சீராக அமைவது இதன் பெரிய நன்மை. வெட்டுக்கருவி விட்ட வரிகளைக் கையால் தேய்த்தெடுக்கும் வேலை அப்போதும் இருக்கும்.

மெழுகு தேய்ப்பதற்கு முன் இரண்டு வேலைகளை மறக்க வேண்டாம். படகின் விளிம்பைச் சுற்றி ஒரு பலகையை வெளிநோக்கிப் பொருத்தினால், அச்சுக்கு உறுதியான விளிம்புப்பட்டி கிடைக்கும். நீர்க்கோட்டை மெல்லிய கீறலாகப் பிளக்கில் இழுத்துவைத்தால், ஒவ்வொரு படகிலும் அது மயிரிழைக் கீறலாக வந்து, அடிப்பூச்சு பூசுபவருக்கு அளவெடுக்கும் வேலை மிச்சமாகும்.

கேள்வி: பிளக்கில் சாதாரண எனாமல் பெயிண்ட் அடித்து மெருகேற்றினேன். ஓர் ஓரத்தில் ஜெல்கோட் பூசிச் சோதித்தபோது பெயிண்ட் சுருங்கி எழும்பிவிட்டது. ஏன்?

பதில்: ஜெல்கோட்டிலும் பாலியெஸ்டர் ரெசினிலும் ஸ்டைரீன் இருக்கிறது. அது நல்ல கரைப்பான். ஒற்றைக் கலவையாக வரும் எனாமலையும் லாக்கரையும் ஊடுருவித் தூக்கிவிடும். அந்தப் பெயிண்டை முழுவதுமாக அகற்றிவிட்டு, பிளக்குக்கென்றே விற்கும் பாலியெஸ்டர் மேற்பூச்சையோ நன்கு இறுகிய இருகலவைப் பாலியூரித்தேனையோ பயன்படுத்துங்கள். ஓரத்தில் சோதித்துப் பார்த்தது உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. இதே காரணத்தால்தான் வெள்ளைத் தெர்மோகோலில் செய்த பிளக்கின் மேல் பாலியெஸ்டரை நேரடியாக விடக் கூடாது. அது கரைந்து குழியாகிவிடும். எப்பாக்சியால் மூடிய பிறகே அடுத்த வேலை.

கேள்வி: சில அச்சுகள் ஒரே துண்டாகவும் சில நடுவில் பிளந்து இரண்டு துண்டுகளாகவும் இருக்கின்றனவே. எப்போது எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: படகை நேராக மேலே தூக்கினால் அச்சின் எந்த இடமாவது அதைத் தடுக்குமா என்பதே கேள்வி. விளிம்பை நோக்கிப் போகப்போக அகலம் கூடிக்கொண்டே வரும் உடல் ஒற்றைத் துண்டு அச்சிலிருந்து வெளிவந்துவிடும். சுவர்கள் செங்குத்தாக இல்லாமல் ஓரிரு பாகையாவது வெளிப்புறம் சாய்ந்திருக்க வேண்டும், மூன்று பாகை இருந்தால் நிம்மதி. மாறாக, நடுப்பகுதியில் பருத்து விளிம்பில் உள்ளே மடங்கும் உடலையும், முன்னோக்கிச் சாய்ந்த அமரப் பலகையையும், உடலோடு ஒன்றாக வார்க்கும் ஆழமான கீலையும் (படகின் அடியிலிருந்து கீழே நீளும் பகுதி) ஒற்றை அச்சு விடாது.

பிளந்த அச்சு எடுக்க, பிளக்கின் நடுக்கோட்டில் செங்குத்தாக ஒரு தடுப்புப் பலகையை நிறுத்தி, அது பிளக்கைத் தொடும் இடத்தின் சந்தை மெழுகுக் களிமண்ணால் அடைக்கிறார்கள். ஒரு பாதியை ஜெல்கோட்டிலிருந்து கடைசி அடுக்கு வரை தடுப்பின் மேலும் ஏறுமாறு கட்டி இறுகவிட்டு, தடுப்பை எடுத்துவிட்டு, வெளிப்பட்ட விளிம்புப்பட்டிக்கு மெழுகு பூசி, மறுபாதியை அதன் மேலேயே கட்டுகிறார்கள். தடுப்புப் பலகையில் முன்கூட்டியே சில அரைக்கோளப் புடைப்புகளை ஒட்டிவைத்தால், இரு பாதிகளும் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் பொருந்தும். போல்ட் துளைகளை இரண்டும் பிளக்கின் மேல் இருக்கும்போதே ஊடுருவித் துளைத்துவிட வேண்டும்; கழற்றிய பிறகு துளைத்தால் ஒரு மில்லிமீட்டர் விலகலும் படகின் நடுவில் படியாகத் தெரியும். இணைப்புக் கோடு எப்படியும் படகில் மெல்லிய வரியாக வரும். அதைத் தேய்த்து அகற்றும் வேலை ஒவ்வொரு படகுக்கும் சேர்வதால், வடிவமைப்பு இடம் கொடுத்தால் ஒற்றை அச்சையே நான் பரிந்துரைப்பேன்.

கேள்வி: நான் எடுத்த அச்சின் உட்பரப்பில் துணியின் நெசவு தெரிகிறது. தாங்கும் சட்டங்கள் இருந்த இடங்களிலும் கோடுகள் தெரிகின்றன. பிளக்கில் இவை இல்லை.

பதில்: இரண்டுக்கும் காரணம் சுருக்கம். பாலியெஸ்டர் ரெசின் இறுகும்போது கன அளவில் ஏறத்தாழ 5 முதல் 8 சதவீதம் வரை சுருங்குகிறது. கண்ணாடியிழை சுருங்குவதில்லை. இழைக் கற்றைகளுக்கு நடுவில் ரெசின் திரண்டிருக்கும் இடங்கள் அதிகம் இழுபட, நெசவின் உருவம் ஜெல்கோட் வழியாகப் பரப்புக்கு வந்துவிடுகிறது. நெய்த ரோவிங் துணியை (தடித்த இழைக் கற்றைகளை நெய்தது) பரப்புக்கு அருகில் போட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

ஒழுங்கான வரிசை இப்படி இருக்கும். அச்சுக்கென்று வரும் ஜெல்கோட்டை இரண்டு மூன்று மெல்லிய ஓட்டங்களாக மொத்தம் 0.8 முதல் 1 மில்லிமீட்டர் வரை தெளிக்க வேண்டும். அது பெரும்பாலும் கறுப்பாகவோ வேறு அடர்ந்த நிறத்திலோ இருக்கும். பிற்பாடு அதற்குள் வெள்ளை ஜெல்கோட் தெளிப்பவருக்கு மெலிந்த இடம் உடனே தெரியும். தொட்டால் விரலில் ஒட்டாமல் பிசுபிசுக்கும் நிலையில், மெல்லிய இழைத்திரையோ லேசான நறுக்கிழை மேட்டோ ஓர் அடுக்கு, வினைல் எஸ்டர் ரெசினோடு. காற்றுக்குமிழ் ஒன்றுகூட இந்த அடுக்கில் இருக்கக் கூடாது. வளைவுகளில் குமிழ் தங்கினால் அங்கே ஜெல்கோட் பின்னாளில் முட்டையோடு போல உடையும். இந்த அடுக்கை ஓர் இரவு முழுவதும் இறுகவிட்டு, குமிழ்களை வெட்டி அடைத்த பிறகே மேலே போக வேண்டும்.

அதன் பின் சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள நறுக்கிழை மேட்டில் ஒரு நேரத்தில் இரண்டு அடுக்குகளுக்கு மேல் போடாமல், வெப்பம் அடங்கவிட்டுத் தொடர வேண்டும். கையால் இடும்போது ஓர் அடுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் தடிமன் தரும். படகுச் சுவரின் தடிமனைப் போல் குறைந்தது இரண்டு மடங்கு அச்சுக்கு இருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. நெய்த ரோவிங் தேவை என்றால் பாதித் தடிமன் தாண்டிய பிறகு சேர்க்கலாம். சுருக்கத்தை ஈடுசெய்யும் நிரப்பிகள் கலந்த அச்சு ரெசின்களும் இப்போது உண்டு. அவற்றின் பழக்கம் நேர் எதிர். தேவையான வெப்பம் எழுந்தால்தான் அவை சரியாக இறுகும் என்பதால், தயாரிப்பாளர் சொல்லும் எண்ணிக்கையில் பல அடுக்குகளை ஒரே மூச்சில் இட வேண்டும். இரு வகைகளின் முறைகளையும் கலந்துவிட்டால் இரண்டிலும் தோல்விதான்.

சட்டங்களைப் பொறுத்தவரை அவசரமே கெடுக்கிறது. அச்சு முழுவதும் இறுகிய பின்னர், சட்டத்துக்கும் அச்சின் முதுகுக்கும் நடுவில் மெல்லிய நுரைப்பட்டை வைத்து, அதன் மேல் மேட் துண்டுகளால் இணைத்தால் கோடு விழாது. நேரடியாக இறுக்கி ஒட்டிய சட்டம் சுருங்கும் ரெசினால் அச்சின் தோலை இழுத்துக்கொள்ளும். உங்கள் அச்சில் நெசவு லேசாகத் தெரிந்தால் சில நாள் மிதமான வெப்பத்தில் வைத்து, சுருக்கம் முழுவதும் நடந்து முடிந்த பின் நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்து மெருகேற்றுங்கள். அதற்கு முன் தேய்த்தால் சில மாதங்களில் திரும்ப வரும்.

கேள்வி: ரெசினோடு கலக்கும் பொருள்களில் எது ஆபத்தானது?

பதில்: எம்.இ.கே.பி. என்ற பெராக்சைடு கேட்டலிஸ்ட், அதாவது ரெசினை இறுகச் செய்யும் திரவம். ரெசினின் எடையில் 1 முதல் 2 சதவீதம்தான் சேர்க்கிறோம். ஆனால் ஒரு துளி கண்ணில் பட்டாலும் பார்வை போகக்கூடும். அதை ஊற்றும் எவரும் கண்களை முழுவதும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருக்க வேண்டும். கோபால்ட் வேகமூட்டியையும் கேட்டலிஸ்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் முழுவதும் கலக்கிய பிறகே கேட்டலிஸ்ட். ஸ்டைரீன் ஆவிக்குத் துணி முகமூடி பயன்படாது. கரிம ஆவிகளுக்கான வடிகட்டி பொருத்திய முகமூடியும் நல்ல காற்றோட்டமும் தேவை.

கேள்வி: மேல்தளத்தின் வழுக்காத சொரசொரப்பு அச்சிலேயே எப்படி வருகிறது? தளமும் உடலும் பொருந்துவதற்கு என்ன செய்கிறார்கள்?

பதில்: சொரசொரப்பான கோலம் அச்சடித்த மெல்லிய நெகிழித் தகட்டைத் தளப் பிளக்கின் மேல் ஒட்டி, அதன் ஓரங்களை வளைவாக அடைத்து, அச்சை எடுக்கிறார்கள். கோலத்தின் முனைகள் கூர்மையாக இருந்தால் அவற்றில் காற்றுக்குமிழ் தங்கும். படகு பயன்பாட்டுக்கு வந்த பின் அந்த முனைகள் உதிர்ந்துபோகும். தள அச்சில் உடலைவிட அதிகத் தொல்லை தருபவை மூலைகள்தாம். கப்பி, விஞ்சு (கயிறு இழுக்கும் உருளை) முதலியவை வரும் மேடைகளும் மாலுமி அமரும் பள்ளமும் குறைந்த இடத்தில் பல மூலைகளை உண்டாக்குகின்றன. உள்மூலைகளுக்கு 6 மில்லிமீட்டராவது வளைவு கொடுத்தால்தான் மேட் அவற்றில் படிந்து உட்காரும்.

பொருத்தத்துக்கு எளிய வழி, உடலின் அச்சிலிருந்து முதலில் ஓர் உடலை எடுத்து, அதன் மேலேயே தளப் பிளக்கைக் கட்டுவது. வரைபடத்தின் அளவுகளை நம்பி இரண்டையும் தனித்தனியாகச் செய்தவர்களுக்கு, இணைக்கும் நாளில் அமரப் பக்கம் விரலளவு வித்தியாசம் வருவது வழக்கம்.

கேள்வி: ஏற்கெனவே உள்ள ஒரு நல்ல படகையே பிளக்காக வைத்து அச்சு எடுத்தால் என்ன?

பதில்: செய்பவர்கள் இருக்கிறார்கள், எனக்கு உடன்பாடில்லை. வடிவமைத்தவரின் உழைப்பு ஒருபுறம் இருக்க, சட்டமும் இதில் அமைதியாக இல்லை. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் இப்படி நகலெடுப்பதைத் தடைசெய்திருந்தது. போனிட்டோ போட்ஸ், தண்டர் கிராஃப்ட் போட்ஸ் ஆகிய நிறுவனங்களுக்கு இடையிலான வழக்கில் அந்த நாட்டின் உச்ச நீதிமன்றம் 1989-இல் அந்தத் தடையை நீக்கியது. பிறகு 1998-இல் அந்நாட்டின் நாடாளுமன்றம், பதிவுசெய்த அசல் உடல் வடிவங்களுக்குப் பத்தாண்டுப் பாதுகாப்பு அளிக்கும் சட்டத்தை இயற்றியது. பிற நாடுகளின் விதிகள் வேறுபடும். தொழில்நுட்ப நோக்கிலும் இது மோசமான குறுக்குவழி. பல ஆண்டுகள் தாங்கிகளின் மேல் நின்ற படகின் அடிப்பகுதி உள்ளே அமுங்கியிருக்கும். பாய்மரக் கம்பிகளின் இழுவையில் உடலும் சற்றே கோணியிருக்கும். அவ்வளவையும் உங்கள் அச்சு பிசகாமல் வாங்கிக்கொள்ளும். வடிவமைப்பாளரிடம் உரிமை பெற்று வரைபடத்திலிருந்து தொடங்குவதே சரி.

கேள்வி: அச்சு பிளக்கிலிருந்து கழன்று வர மறுக்கிறது. மெழுகு போதவில்லையோ என்று பயமாக இருக்கிறது. உடைத்துத்தான் எடுக்க வேண்டுமா?

பதில்: உடைக்க வேண்டாம், இரும்பு உளியை அருகிலேயே கொண்டு வராதீர்கள். முதலில், அச்சு எத்தனை நாள் பிளக்கின் மேல் இருந்தது என்று பாருங்கள். ஒரு வாரமாவது, குளிர்ந்த இடம் என்றால் இரண்டு வாரமாவது, தாங்கும் சட்டங்கள் பொருத்திய நிலையில் இருந்திருக்க வேண்டும். இன்னும் முழுவதும் இறுகாமல் பச்சையாக இருக்கும் அச்சைப் பலவந்தமாக எடுத்தால் பிறகு அதன் வடிவம் மாறிவிடும்.

விளிம்பைச் சுற்றி மரத்தாலோ நெகிழியாலோ ஆன மெல்லிய ஆப்புகளை ஒரு சாண் இடைவெளியில் சிறிது சிறிதாகச் செலுத்துங்கள். ஒரே இடத்தில் ஆழமாக அடிக்காமல், சுற்றிச் சுற்றி வாருங்கள். இடைவெளி தெரிந்ததும் அதில் தண்ணீர் விடுங்கள். மெழுகின் மேல் பி.வி.ஏ. என்ற, தண்ணீரில் கரையும் பிரிப்புப் படலம் தெளித்திருந்தால் தண்ணீர் அதைக் கரைத்துக்கொண்டே உள்ளே இறங்கும். தெளிக்காமல் விட்டிருந்தாலும் தண்ணீரின் அழுத்தம் பரப்பை மெல்லப் பிரிக்கும். அடுத்து, கீல் பகுதிக்கு அருகில் அழுத்தக் காற்றைச் செலுத்துவது. இதற்கான குழாய்முனையை அச்சின் அடியில் கட்டும்போதே பதித்துவைப்பது வழக்கம். உங்களிடம் இல்லையென்றால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் சிறு துளையிட்டுப் பின்னர் அடைக்கலாம். காற்றைக் குறைந்த அழுத்தத்தில் தொடங்குங்கள். ரப்பர் சுத்தியலால் முதுகில் தட்டிக்கொண்டே வந்தால், ஒட்டிய இடத்தில் மந்தமாகவும் பிரிந்த இடத்தில் வெறுமையாகவும் ஒலி கேட்கும். அச்சைத் தூக்கியில் மாட்டி லேசான இழுவிசையில் ஓர் இரவு விட்டுவைத்தால் சில சமயம் காலையில் தானாகவே விட்டிருக்கும். பிளக் சேதமடைந்தால் வருந்த வேண்டாம். அதன் வேலை முடிந்துவிட்டது.

வெளிவந்த அச்சைக் கழுவி, 1000 அல்லது அதைவிட நுண்ணிய தாளில் தொடங்கி மறுபடி மெருகேற்றி, கார்னாபா மெழுகை ஐந்தாறு தடவை, ஒவ்வொரு தடவையும் இடையில் ஆறவிட்டுத் துடைத்து, ஏற்றுங்கள். முதல் படகை எடுக்கும்போது மெழுகோடு பி.வி.ஏ. படலத்தையும் சேர்த்துக்கொள்வது நல்லது. முதல் நான்கைந்து படகுகள் வரை ஒவ்வொன்றுக்கும் பின் மெழுகிடுங்கள். வேலை இல்லாத நாள்களில் அச்சைத் தாங்கியின் மேலேயே வைத்து, வெயில் படாமல் மூடி வையுங்கள். விளிம்பு ஒருபுறம் தொங்கும்படி விட்டால் வாய் அகன்றுபோய், அடுத்த உடலில் தளம் பொருந்தாது.